சென்னை அணி சறுக்கியது ஆள் எடுப்பிலா, பயிற்சியாளரிலா? பேரேடு போட்டு வைத்திருக்கும் வியாசர்பாடி ரசிகர்!

சென்னை பெரியமேட்டில் ஒரு தோல் மண்டி. அங்கே கணக்கு எழுதுகிறார் அந்த ஆசாமி. வயது 50-ஐத் தாண்டிவிட்டது. வீடு வியாசர்பாடி. காலையில் வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷனில் மின்சார ரெயில் ஏறுவார். சென்ட்ரலில் இறங்கி, நடந்தே மண்டிக்குப் போவார்.

அவரிடம் 2 பேரேடுகள் இருக்கின்றன. ஒன்று முதலாளியுடையது. இன்னொன்று அவருடைய சொந்தச் சொத்து! அதிலும் இடது பக்கம் வரவு, வலது பக்கம் செலவு. ஆனால் ரூபாய், பைசா எதுவும் கிடையாது. எல்லாம் கால்பந்து ஆட்டக்காரர்களின் பெயர்கள்.

சென்னையின் எப்.சி. அணிக்கு வந்தவர்கள் வரவு. போனவர்கள் செலவு. ஐ.எஸ்.எல். போட்டி தொடங்கிய 2014-ம் ஆண்டில் இருந்து ஒரு வருஷம் விடாமல் எழுதி வருகிறார்.

"என் பேர் மட்டும் வேண்டாம். எங்க முதலாளி சாயங்காலப் பேப்பர்தான் படிப்பாரு" என்கிறார். அதனால் பெயர் வேண்டாம்.

அவர் சொல்லும் குற்றச்சாட்டு இரண்டு. ஒன்று, சென்னை அணிக்கு ஆள் எடுக்கத் தெரியவில்லை. இன்னொன்று, பயிற்சியாளரை எப்போது வைத்துக்கொள்வது, எப்போது அனுப்புவது என்றும் தெரியவில்லை. 2 முறை கோப்பை வாங்கிய அணியின் மேல் இப்படி ஒரு புகாரா என்று கேட்கலாம். கேட்டால் பேரேட்டைத் திறந்துவிடுகிறார்.

ரேஷன் கடை கியூ

கிரிக்கெட்டில் ஐ.பி.எல். ஏலம் எல்லாருக்கும் தெரியும். ஒருத்தர் 1 கோடி என்பார், இன்னொருத்தர் 2 கோடி என்பார், சுத்தியல் விழும். கால்பந்தில் நடந்தது வேறு. அதற்கு "டிராப்ட்" என்று பெயர்.

டிராப்டில் போட்டி போட்டு விலை ஏற்ற முடியாது. ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் முன்கூட்டியே விலை ஒட்டிவிடுவார்கள். அணிகள் முறை வைத்து, தங்கள் முறை வரும்போது ஒரு ஆளைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். முன்னால் நிற்பவன் எடுத்துவிட்டால் போச்சு!

ரசிகர் இதை ஒரே வரியில் சொல்லிவிடுகிறார்:-

"ரேஷன் கடை கியூதாங்க அது. விலை ஒண்ணுதான். முன்னாடி நிக்கிறவன் பருப்பை வாங்கிட்டுப் போயிட்டா, நமக்குப் பாமாயில்தான்."

2017-ம் ஆண்டு ஜூலை 23-ந் தேதி மும்பையில் அந்தக் கியூ நின்றது. அந்த வருஷம் பெங்களூரு, ஜாம்ஷெட்பூர் ஆகிய 2 அணிகள் புதிதாகச் சேர்ந்தன. மொத்தம் 10 அணிகள். 200-க்கும் மேற்பட்ட இந்திய ஆட்டக்காரர்கள் பட்டியலில் இருந்தார்கள். கேரளத்துத் தடுப்பு ஆட்டக்காரர் அனஸ் எடதொடிகாவை ஜாம்ஷெட்பூரும், நடுக்கள ஆட்டக்காரர் யூஜின்சன் லிங்டோவைக் கொல்கத்தாவும் எடுத்தன. இரண்டு பேருக்கும் ஒட்டியிருந்த விலை தலா ரூ.1 கோடியே 10 லட்சம். அன்றைக்கு அதுதான் உச்ச விலை.

அந்த வருஷ டிராப்ட் முக்கியமானதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதற்கு முன்பு மைதானத்தில் 6 வெளிநாட்டுக்காரர்கள் வரை ஆடலாம். 2017-ல் அது 5 ஆகக் குறைந்தது. அதாவது 11 பேரில் 6 பேராவது இந்தியர்களாக இருந்தாக வேண்டும். பணத்தைக் கொட்டி வெளிநாட்டில் இருந்து ஆள் இறக்கினாலும், கோப்பை யாருக்கு என்பதை உள்ளூர்க்காரர்களும் தீர்மானிக்கும் நிலை வந்தது.

வரவுப் பக்கம்

சென்னை அணி கியூவில் நிற்பதற்கு முன்பே ஜேஜே லால்பெக்லுவாவையும், கோல்கீப்பர் கரண்ஜித் சிங்கையும் கையில் பிடித்து வைத்துக்கொண்டது. இளைஞர்கள் அனிருத் தாபா, ஜெர்ரி லால்ரின்சுவாலா ஆகியோரையும் விடவில்லை. டிராப்டில் தோய் சிங், பிக்ரம்ஜித் சிங், பிரான்சிஸ் பெர்னாண்டஸ், முகமது ரபி என்று பலரை எடுத்தது. அந்த வரிசையில் ஒரு வியாசர்பாடிப் பையனும் உண்டு. பெயர் தன்பால் கணேஷ்.

பேரேட்டில் அந்தப் பெயருக்குக் கீழே மட்டும் சிவப்பு மையில் 2 கோடு போட்டிருக்கிறார் ரசிகர். எங்க தெருப் பக்கத்துப் பையன் என்கிறார். "குட்டி பிரேசில்" என்று பெயர் வாங்கிய ஏரியா அது. குடிசைகளுக்கும் ரெயில் பாதைக்கும் நடுவே கிடைத்த இடத்தில் பந்து உதைத்து வளர்ந்த கூட்டம்.

பயிற்சியாளராக வந்தவர் இங்கிலாந்துக்காரர் ஜான் கிரிகோரி. இங்கிலாந்தில் ஆஸ்டன் வில்லா அணியை நடத்தியவர். முதல் ஆட்டத்திலேயே, அதுவும் சொந்த மண்ணில், கோவாவிடம் 2-3 என்று உதை! ரசிகர் அன்று இரவு சாப்பிடவில்லையாம்.

ஆனால் போகப் போக அணி செட்டானது. 32 புள்ளிகளுடன் 2-ம் இடம். 2018 மார்ச் 13-ந் தேதி அரை இறுதியின் 2-வது ஆட்டம் பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில் நடந்தது. அதே கோவாதான் எதிரி. சென்னை 3-0 என்று ஜெயித்தது. ஜேஜே 2 கோல். மீதி 1 கோல் தன்பால் கணேஷ் போட்டது!

மண்டிக்கும் ஸ்டேடியத்துக்கும் நடக்கிற தூரம்தான். அன்றைக்கு மண்டியைச் சீக்கிரமே மூடிவிட்டார்களா, ரசிகர் தானாகவே கிளம்பிவிட்டாரா என்பது பற்றி அவர் வாய் திறக்க மறுக்கிறார்.

4 நாள் கழித்து பெங்களூருவில் இறுதி ஆட்டம். அவர்கள் மண், அவர்கள் கூட்டம். சுனில் சேத்ரி 9-வது நிமிஷத்திலேயே கோல் அடித்தார். அப்புறம் பிரேசில்காரர் மைல்சன் ஆல்வஸ் தலையால் முட்டி 2 கோல். ரபேல் அகஸ்டோ 1 கோல். 3-2 என்று சென்னைக்குக் கோப்பை. 2015-க்குப் பிறகு 2-வது கோப்பை.

விட்டுப்போன ஒரு பெயர்

இவ்வளவு சந்தோஷமான பக்கத்தின் ஓரத்தில், பென்சிலால் ஒரு பெயர் எழுதி வட்டம் போட்டிருக்கிறார். அதுதான் வழக்கின் முக்கிய தடயம்.

நந்தகுமார் சேகர். இவரும் சென்னைப் பையன்தான். அதே 2017 டிராப்டில் பட்டியலில் இருந்தார். சென்னை அணி எடுக்கவில்லை. டெல்லி எடுத்துக்கொண்டது.

டெல்லி அணி 2019-ல் புவனேஸ்வரத்துக்குக் குடிபெயர்ந்து ஒடிசா எப்.சி. ஆனது. நந்தகுமாரும் அங்கே ஆடினார். 2023-ல் ஒடிசா சூப்பர் கோப்பையை வாங்கியபோது அணியில் இருந்தார். அதே வருஷம் இந்திய அணிச் சட்டையும் போட்டார். ஒடிசாவை விட்டுக் கிளம்பியபோதும் சென்னைக்கு ரெயில் ஏறவில்லை. போய்ச் சேர்ந்த இடம் கொல்கத்தா. ஈஸ்ட் பெங்கால்.

2023 ஆகஸ்டு 12-ந் தேதி துராந்த் கோப்பையில் ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும் மோதின. கொல்கத்தாவில் அந்த ஆட்டம் என்றால் திருவிழாவும் அடிதடியும் சேர்ந்த மாதிரி. மோகன் பகானிடம் 4 வருஷத்துக்கும் மேலாக வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தது ஈஸ்ட் பெங்கால். அன்று 1-0 என்று ஜெயித்தது. அந்த 1 கோலை அடித்தவர் நந்தகுமார்!

"கொல்கத்தாக்காரன் நம்ம பையனைத் தோள்ல தூக்கி வச்சுக் கொண்டாடுறான். நாம டி.வி.யில பாத்துக் கை தட்டுறோம். இது நியாயமா?" என்று கேட்கிறார் ரசிகர்.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் 2017-ஐ வைத்து மட்டும் தீர்ப்பு எழுத முடியாது. அந்த வருஷம் எடுத்த ஆட்களை வைத்துத்தானே கோப்பை வந்தது? கோப்பை வாங்கிய வருஷத்தின் ஆள் எடுப்பைக் குற்றம் சொன்னால் எந்தக் கோர்ட்டும் தள்ளுபடி செய்துவிடும்.

வழக்கு அதற்கப்புறம்தான் சூடு பிடிக்கிறது. 2017-க்குப் பிறகு டிராப்ட் முறையே கிடையாது. கியூவும் இல்லை, விலைச் சீட்டும் இல்லை. யாரை வேண்டுமானாலும் நேராகப் பேசி ஒப்பந்தம் போடலாம். "எங்க முறை வர்றதுக்குள்ள எடுத்துட்டாங்க" என்று சாக்கு சொல்ல வழியில்லை.

ஆட்டக்காரனும் மனுஷன்தான், சம்பளம் எங்கே கூடுதலோ அங்கே போவான் என்பதும் உண்மை. அதை ரசிகரும் ஒப்புக்கொள்கிறார். மண்டிக் கணக்கர் ஆயிற்றே!

முதல் இடம், கடைசி இடம்

அடுத்த வருஷக் கணக்கைப் பார்த்தால் தலை சுற்றும். 2018-19-ல் அதே கிரிகோரிதான் பயிற்சியாளர். அதே ஸ்டேடியம், அதே நீலச் சட்டை. 18 ஆட்டங்களில் 2 வெற்றி. மொத்தம் 9 புள்ளி. 10 அணிகளில் 10-வது இடம்!

சாம்பியன் எப்படி ஒரே வருஷத்தில் கடைசிக்குப் போனது? தன்பால் கணேஷுக்கு முழங்காலில் அடி. ஆபரேஷன் ஆகி, அந்த சீசன் முழுக்க வெளியே. ஜேஜேவுக்குக் கோல் வற்றிப்போனது. சாம்பியன் அணியில் இருந்த பிக்ரம்ஜித் சிங் போய்விட்டார். போர்ச்சுகல்காரர் செரேனோ போய்விட்டார். செலவுப் பக்கம் நிரம்பி வழிகிறது. வரவுப் பக்கத்தில் அதற்கு ஈடு இல்லை. நடுக்களத்தில் ஒரு பையன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், அந்த இடத்துக்கு இன்னொரு பையன் தயாராக இருந்திருக்க வேண்டும் என்பதுதான் ரசிகரின் வாதம்.

இதில் இன்னொரு வேடிக்கையைப் பலர் கவனிக்கவில்லை. சென்னையின் எப்.சி. கடைசி இடத்துக்கு உருண்ட அதே 2018-19-ல், ஐ-லீக் போட்டியில் சாம்பியன் ஆனது யார் தெரியுமா? சென்னை சிட்டி எப்.சி.! பெயரில் சென்னை. அப்போது ஆடியது கோவையில். பயிற்சியாளர் சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ். ஐ.எஸ்.எல். மாதிரி பண மழை அங்கே கிடையாது.

நந்தகுமார் டெல்லிக்குப் போனது அந்தச் சென்னை சிட்டி அணியில் இருந்துதான். கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரைப் பையன் மைக்கேல் சூசைராஜும் அங்கே ஆடியவரே. அவரை 2018-ல் ஜாம்ஷெட்பூர் கொத்திக்கொண்டு போனது. அடுத்த வருஷம் கொல்கத்தா. விளைச்சல் தமிழ்நாட்டில், அறுவடை வெளியூரில் என்ற புகாருக்கு இது ஆதாரம்.

காயில் வந்தார், கரை ஏறியது

பயிற்சியாளர் விஷயத்துக்கு வருவோம். இங்கே ரசிகரின் பேரேடு அவருக்கே எதிராகச் சாட்சி சொல்கிறது.

கடைசி இடம் பிடித்த பிறகும் கிரிகோரியை அணி அனுப்பவில்லை. அடுத்த சீசனிலும் அவரே. 6 ஆட்டங்களில் 1 வெற்றி. 2019 நவம்பர் கடைசியில் அவர் மூட்டை கட்டினார். டிசம்பரில் ஸ்காட்லாந்துக்காரர் ஓவன் காயில் வந்தார்.

ஆட்கள் பெரும்பாலும் அவர்களேதான். வால்ஸ்கிஸ், கிரிவெல்லாரோ, சாங்தே, தாபா. ஆனால் ஆட்டம் தலைகீழ்! அடிமட்டத்தில் கிடந்த அணி 4-ம் இடம் பிடித்தது. அரை இறுதியில் கோவாவை 2 ஆட்டமும் சேர்த்து 6-5 என்று வீழ்த்தியது. லித்துவேனியாக்காரர் வால்ஸ்கிஸ் 15 கோல் அடித்துத் தங்கக் காலணி வாங்கினார். 2020 மார்ச் 14-ந் தேதி இறுதி ஆட்டம், கொரோனா பயத்தால் காலி ஸ்டேடியத்தில் நடந்தது. கொல்கத்தாவிடம் 1-3 என்று தோல்வி.

அப்படியானால் ஆள் எடுப்பில் குற்றமில்லை, பயிற்சியாளர்தானே எல்லாம் என்று கேட்டால் ரசிகர் கொஞ்சம் திணறுகிறார். பிறகு சமாளிக்கிறார்:-

"நல்ல அரிசி, நல்ல பருப்பு இருந்துது. சமைக்கிறவர் அலுத்துப்போயிட்டாரு. புது மாஸ்டர் வந்தாரு, சாப்பாடு ருசியாச்சு. அதுக்கு முந்தின வருஷம் அரிசியே இல்லையே சார்! அப்போ மாஸ்டர் என்ன பண்ணுவாரு?"

யோசித்தால் இதில் விஷயம் இருக்கிறது. 2018-ல் சரக்கு இல்லாத குற்றம். 2019-ல் ஆளை மாற்றத் தாமதம் செய்த குற்றம். இரண்டும் வேறு வேறு. முதல் குற்றத்துக்குப் பொறுப்பு ஆள் எடுத்தவர்கள். கடைசி இடத்துக்குப் போன பிறகும் அதே ஏற்பாட்டை நீட்டித்ததற்குப் பொறுப்பு நிர்வாகம். ரசிகர்கள் கூட்டத்தில் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டித் திட்டுகிறார்கள். அதனால்தான் திட்டு யார் மேலும் ஒட்டுவதில்லை.

8, 8, 8

அப்படி அணியைத் தூக்கி நிறுத்திய காயிலாவது தங்கினாரா? இல்லை. ஜாம்ஷெட்பூருக்குப் போய்விட்டார். வால்ஸ்கிசும் பின்னாலேயே போனார். 2021-22-ல் ஜாம்ஷெட்பூர் லீக் கேடயத்தை வாங்கியது. பயிற்சியாளர், அதே காயில்!

சென்னையில் என்ன நடந்தது? 2020-21-ல் ஹங்கேரிக்காரர் சாபா லாஸ்லோ. 8-ம் இடம். 2021-22-ல் மாண்டினீக்ரோக்காரர் பாண்டோவிச். 8-ம் இடம். 2022-23-ல் ஜெர்மன்காரர் பிரடாரிச். 8-ம் இடம். 3 வருஷம், 3 பயிற்சியாளர், இடம் மட்டும் மாறவில்லை!

பாண்டோவிச் பாதி வழியில் போனார். 2022 பிப்ரவரியில் கோவாவிடம் 0-5 என்று வாங்கிய அடிக்குப் பிறகு நடந்தது அது. மிச்சம் இருந்த ஆட்டங்களுக்குப் பொறுப்பேற்றவர் சையத் சபீர் பாஷா. இந்தியாவுக்கு ஆடியவர், இந்தியன் பேங்க் அணியில் கோல் அடித்துப் பெயர் வாங்கியவர், இந்த ஊர்க்காரர். வீடு பற்றி எரியும்போது வாளி கொடுத்தார்கள், அணைந்ததும் வாளியை வாங்கிக்கொண்டார்கள் என்று ரசிகர் வருத்தப்படுகிறார். சீசனுக்கு முன்பே அவரிடம் அணியைக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது சோதித்துப் பார்க்காத விஷயம்.

அந்த இடைவெளியில் சாங்தேவும் மும்பைக்குப் போனார். 2022-23-ல் ஐ.எஸ்.எல்.லின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கு. செலவுப் பக்கத்தில் அந்தப் பெயரை எழுதும்போது நிப்பு உடைந்துவிட்டது என்கிறார். அதை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம்.

2023-ல் காயில் திரும்பி வந்தார். 6-ம் இடம். அடுத்த வருஷம் 13 அணிகளில் 11-ம் இடம். முன்பு ருசியாகச் சமைத்த அதே மாஸ்டர்தான்! மாஸ்டரை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பியவர்களுக்கு அந்த 11 என்ற எண் சரியான பதில். 2025-ல் காயிலும் போனார். ஆகஸ்டில் கோவாக்காரர் கிளிபோர்டு மிராண்டா பெயரை அணி அறிவித்தது. நந்தகுமார் ஆடிய ஒடிசா அணி 2023-ல் சூப்பர் கோப்பை வாங்கியபோது பயிற்சியாளராக நின்றவர் இவர்தான்! பேரேட்டில் அந்தப் பெயருக்கு எதிரே ரசிகர் ஒரு கேள்விக்குறி, ஒரு ஆச்சரியக்குறி இரண்டும் போட்டிருக்கிறார்.

அந்த வருஷம் லீக்கே சிக்கலில் மாட்டியது. அகில இந்திய கால்பந்து சம்மேளனத்துக்கும் போட்டியை நடத்திய கம்பெனிக்கும் இடையே இருந்த ஒப்பந்தம் முடியப்போகும் நேரத்தில் பேச்சு முடியவில்லை. ஜூலையில் போட்டியை நிறுத்தி வைத்தார்கள். செப்டம்பரில் தொடங்கவில்லை.

தங்கச்சி மகன்

ரசிகருக்கு இதில் ஏன் இவ்வளவு வேகம் என்று மண்டியில் கூட வேலை செய்கிறவர்களுக்குப் புரியவில்லை. காரணம் வீட்டில் இருக்கிறது.

அவருடைய தங்கச்சி மகனுக்கு 15 வயது. வியாசர்பாடி மைதானத்தில் காலையும் மாலையும் பந்து உதைக்கிறான். இடது காலில் நல்ல அடி என்று பேர். 10-வது முடித்ததும் ஐ.டி.ஐ.யில் சேர்க்க வேண்டும் என்பது அம்மாவின் பிடிவாதம். "மாமா, நீ சொல்லு மாமா" என்று பையன் இவரிடம் வந்து நிற்கிறான்.

ஒரு காலத்தில் இதற்குப் பதில் சுலபம். நன்றாக ஆடினால் ஐ.சி.எப்.பிலோ, பேங்கிலோ, ரெயில்வேயிலோ வேலை கிடைக்கும். ஆட்டம் முடிந்தாலும் சம்பளம் நிற்காது. வடசென்னையில் பல குடும்பங்கள் அப்படித்தான் தலை தூக்கின. ஒப்பந்தக் காலத்து ஆட்டக்காரனுக்கு ஒரு முழங்கால் போனால் என்ன ஆகும் என்பதை வியாசர்பாடி கண்ணால் பார்த்துவிட்டது.

"ஐ.டி.ஐ.யிலயும் சேரு, பந்தையும் விடாதே" என்று பையனிடம் சொல்லியிருக்கிறார். இரண்டையும் ஒன்றாகச் செய்ய எத்தனை பேரால் முடியும்? அதுவும் அவருக்குத் தெரியும்.

அணி நிர்வாகத்திடம் அவர் கேட்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு சீசனும் ஆள் எடுப்பு முடிந்ததும், தமிழ்நாட்டுப் பையன்கள் எத்தனை பேரைப் பார்த்தார்கள், எத்தனை பேரை எடுத்தார்கள், யாரை விட்டார்கள் என்று ஒரு பட்டியல் ஒட்ட வேண்டும். ஸ்டேடியம் வாசலில் டிக்கெட் கவுண்டர் பக்கத்தில் ஒட்டினால் போதும். மண்டிக்குப் போகும் வழியில் பார்த்து, பேரேட்டில் ஏற்றிக்கொள்வாராம்.